கரண்ட் வைத்த எலியின் மூளை

வாஷியில் எங்கள் சொசைட்டியில் இருக்கும் அக்கா, லிஃப்ட் அருகே நிறுத்திக் கேட்டார்: "தம்பி, பெரியவனுக்குக் கரண்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்றார். எலிக்கு வச்சதுல உடம்பே பதறிப்போச்சுன்னு படிச்சேன். நிஜமா?"

மனநோய்க்குத் தரும் மின்வலிப்புச் சிகிச்சையைத்தான் அக்கா 'கரண்ட்' என்றார். அவர் படித்தது பாதி நிஜம். எலியின் காதுகளில் கவ்விகளை மாட்டி மின்சாரம் செலுத்தினால் வலிப்பு வரும். உடனே அட்ரீனல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோனைக் கொட்டும். நமக்குக் கார்ட்டிசால் எப்படியோ, எலிக்கு இது அப்படி. ஆனால் எலியைக் கையில் பிடித்தாலே இந்த ஹார்மோன் ஏறும். அதனால்தான் இன்னொரு கூட்டம் எலிகளுக்கும் கவ்வி மாட்டி, மின்சாரத்தை மட்டும் விடாமல் ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீடு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

வியப்பு இனிமேல்தான். நாள்கணக்கில் நீடிக்கும் மன அழுத்தம், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப். என்ற ஊட்டப் புரதத்தைக் குறைக்கும். புதிய நரம்பணுக்கள் பிறப்பதையும் குறைக்கும். வலிப்பும் அழுத்தம்தான், ஆனால் விளைவு நேர்மாறு. திரும்பத் திரும்ப வலிப்பு தந்தால் அந்தப் புரதத்தை உருவாக்கும் எம்.ஆர்.என்.ஏ. கூடுவதை 1995இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனின் குழு எலிகளில் காட்டியது. அவரிடம் ஆய்வு செய்த விதிதா வைத்யா, வலிப்புக்குப்பின் ஹிப்போகாம்பஸில் நரம்பிழைகள் புதிதாகக் கிளைப்பதை 1999இல் டூமனோடு சேர்ந்து எழுதினார். இன்று வைத்யாவின் ஆய்வுக்கூடம் நம் மும்பையின் கொலாபாவில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. 2002இல் வந்த ஸ்வீடன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: நாள்கணக்கில் கார்ட்டிகோஸ்டிரோன் கொடுத்து நரம்பணுப் பிறப்பைக் குறைத்த எலிகளிலும், வலிப்பு அதைக் கூட்டியது.

ஒருமுறை பொங்கி அடங்கும் ஹார்மோனும், மாதக்கணக்கில் இறங்காத ஹார்மோனும் உடம்புக்கு ஒன்றல்ல. 'ஷாக்' என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

அதற்காக எலி நல்ல செய்தி மட்டுமே சொல்கிறது என்று நினைக்க வேண்டாம். கற்றதை எலி மறக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் சித்தரஞ்சன் ஆண்ட்ரேட் இந்த மறதியைத்தான் எலிகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தவிர, பல ஆய்வுகளில் எலிக்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை. மனிதருக்கு அப்படிச் செய்ய முடியாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை தருவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "மறதி எவ்வளவு நாள் இருக்கும், எந்தெந்த நினைவு போகலாம்னு டாக்டரிடம் கேளுங்க. பெரியவனும் கூட உட்கார்ந்து கேட்கட்டும்" என்றேன்.