இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

டிக்கோயா வியாபாரிகள் பலர், "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர்மாறானது.

கியரில் இருக்கும்போது எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். இன்றைய டீசல் எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க டீசல் எரிந்துகொண்டேயிருக்கும். லொறியின் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். பிரேக் அளவுமீறிச் சூடேறினால் பிடிக்காது.

மலைநாட்டு இறக்கங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை 2023 ஜனவரி 20இல் நானுஓயா, ரதெல்லயில் கண்டோம். பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே பாதுகாப்புக்கும் சிக்கனத்துக்கும் தனித்தனிப் பயிற்சி தேவையில்லை. சாரதிகளுக்கு நான் சொல்வது: இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள், முன்வாகனத்துக்கு இடைவெளி விடுங்கள், வாரந்தோறும் டயர் காற்றைப் பாருங்கள், சாமான் இறக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள்.

முதலாளிமாருக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒவ்வொரு வாகனத்துக்கும் கிலோமீற்றரையும் லீற்றரையும் கொப்பியில் எழுதுங்கள். கணக்கு திடீரென மாறினால் காரணத்தை விசாரியுங்கள். "சீக்கிரம் வா" என்று தொலைபேசியில் விரட்டாதீர்கள்.

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நமக்கு ஒரு லீற்றரின் பெறுமதி தெரியும். அதைவிடப் பெரிது சாரதியின் உயிர். அது நம்மிடமுள்ள அமானிதம்.