லயமும் பெரட்டும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள ராசா, பத்தாங் காலி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறை உழைத்தனர். அவர்தம் வழக்கில் 'லயம்', 'பெரட்டு' என இரு சொற்கள் உண்டு. முன்னது வரிசை வீடு. பின்னது விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்தல். முறையே 'லைன்', 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொற்களின் திரிபுகள் இவை. வீட்டிலிருந்து பணிபுரிதல் நன்றா, தடுப்புச் சுவரற்ற பொது அலுவலகத்திற் பணிபுரிதல் நன்றா என இன்று எழும் வினாவிற்கு இச்சொற்கள் விளக்கந் தருவன.

பால்வெட்டும் தொழிலாளி பெரட்டிற் கங்காணியின் கண்முன் நின்றார். நிரையிலோ பெரும்பாலும் தனித்தே உழைத்தார். பின்னர் அவர் கொணர்ந்த பால் நிறுக்கப்பட்டது. எனவே உழைப்பை அளக்கும் வழி இரண்டு: ஒன்று முகங்காட்டல், மற்றொன்று விளைவு.

பொது அலுவலகம் முன்னதைச் சார்ந்தது. 1950-களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் இம்முறையை வகுத்தோர், சுவர் நீங்கினால் கலந்துரையாடல் பெருகும் எனக் கருதினர். ஆயின் பெர்ன்ஸ்டீன், டர்பன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை அலுவலகத்திற்கு மாறிய இரு நிறுவனங்களில் நேர்முகப் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் பெருகிற்று. பலர் பார்வை படுமிடத்தில் மனிதர் தமக்கொரு மறைவு தேடுவர் போலும்.

வீட்டுப்பணி பின்னதைச் சார்ந்தது. சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் ஒன்பது திங்கள் நிகழ்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தோரின் பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. எனினும், ஒத்த திறன் காட்டிய அலுவலகத்தாரினும் அவர்கள் பெற்ற பதவி உயர்வு குறைவே. கண்ணிற் படாதவர் கருத்திலும் படாமற் போவதுண்டு.

மலேசியாவில் 18-3-2020 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டால் வீட்டுப்பணி பரவிற்று. 1-1-2023 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தப்படி, தீபகற்ப மலேசியாவில் ஊழியர் பணியிட மாற்றத்தை எழுத்து மூலம் கோரலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் விடை தரவேண்டும். மறுப்பின் காரணமுங் கூறவேண்டும். இது கேட்கும் உரிமையே, பெறும் உரிமையன்று.

'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடியிற் பிறந்தது. லயம் முதலாளியின் உடைமையாதலின், வேலை போயின் வீடும் போகும் என்னும் அச்சம் அங்கே நிலவியது. பணிக்களத்தின் அருகே வாழ்தல் மட்டும் விடுதலையாகாது. எனினும், பால் நிறுத்தபின் அன்றைய வெட்டின் கணக்கு முடிந்தது. இரவிலும் கைப்பேசி அழைக்கும் இன்றைய வீட்டுப்பணிக்கு அத்தகைய முடிவில்லை. இடத்தைத் தேர்வதோடு வேலை முடியும் நேரத்தையும் வரையறுத்தாலன்றி, வீடு வீடாக இராது.