யமனிலிருந்து வந்த ஜகாத்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பி வைத்த வரலாற்றை நம்மில் பலரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருப்போம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது அது. ஹலால், ஹராம் பற்றிய அறிவில் தம் தோழர்களுள் தலைசிறந்தவர் என்று பெருமானாரால் போற்றப்பட்ட அந்த மதீனத்து இளைஞர் வாகனத்தின் மீது அமர்ந்திருக்க, அகிலத்தின் அருட்கொடையாம் நாயகம் (ஸல்) அவர்களோ பக்கத்தில் நடந்தவாறே அறிவுரை பகர்ந்து வழியனுப்பினார்கள். அடுத்த ஆண்டு தம்மைக் காண இயலாமற் போகலாம் என்று பெருமானார் குறிப்பால் உணர்த்தியபோது முஆத் (ரலி) அவர்கள் கண்ணீர் உகுத்தார்கள்.

அன்று அளிக்கப்பட்ட கட்டளைகளின் வரிசை கருத்தூன்றிப் பார்க்கத் தக்கது. முதலில் ஏக இறைவனைப் பற்றிய அழைப்பு, பின்னர் ஐவேளைத் தொழுகை, அதற்கடுத்து ஜகாத். அம்மக்களுள் செல்வந்தர்களிடமிருந்து பெற்று, அம்மக்களுள் வறியவர்களிடமே திருப்பித் தரப்பட வேண்டியது ஜகாத் என்று விளக்கினார்கள். கொடுப்பது என்று கூறாமல் திருப்பித் தருவது என்று கூறியதில் ஆழ்ந்த பொருள் உண்டு. ஏழையின் பங்கு செல்வனின் கையில் சிறிது காலம் தங்கியிருந்தது. இப்போது உரியவனிடம் மீள்கிறது. திருமறையும் செல்வர்களின் பொருளில் யாசிப்போர்க்கும் இல்லாதோர்க்கும் குறிப்பிட்டதோர் உரிமை உண்டென்றே உரைக்கின்றது. உரிமையைப் பெறுகின்றவன் தலை கவிழ வேண்டியதில்லை. அதைக் கொடுக்கின்றவன் தலை நிமிர்வதற்கும் இடமில்லை.

மற்றோர் எச்சரிக்கையும் அதே வேளையில் தரப்பட்டது. ஜகாத் வசூலிக்கும்போது மக்களின் செல்வத்தில் மிகச் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிடக் கூடாது. அநீதிக்கு ஆளானவனின் முறையீட்டுக்கு அஞ்ச வேண்டும். அந்த முறையீட்டுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை எதுவும் இல்லை. ஏழைக்காக வாங்கும்போதும் செல்வனுக்கு அநீதி இழைக்கக் கூடாது என்பதை நம் காலத்துப் பொருளாதாரம் பேசுவோர் சற்று நின்று கவனிக்கட்டும்.

இந்த ஏற்பாடு என்ன விளைவைத் தந்தது? ஹிஜ்ரி 224இல் மறைந்த பேரறிஞர் அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் அம்வால்' என்னும் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் முஆத் (ரலி) அவர்கள் யமனில் திரண்ட ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபா அதைக் கண்டு மகிழவில்லை, கடிந்துகொண்டார்கள். வரி தண்டி அனுப்புவதற்காக உம்மை அனுப்பவில்லையே, அங்குள்ள செல்வர்களிடம் பெற்று அங்குள்ள ஏழைகளுக்குத் திருப்பித் தரத்தானே அனுப்பினேன் என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார்கள். வாங்குவதற்கு இங்கே ஒருவர் இருந்திருந்தால் நான் எதையும் அனுப்பியிருக்க மாட்டேன் என்பது முஆத் (ரலி) அவர்களின் மறுமொழி. அடுத்த ஆண்டு பாதி வந்தது. அதே வினா, அதே விடை. மூன்றாம் ஆண்டு முழுத் தொகையும் வந்து சேர்ந்தது. யமனில் ஜகாத் பெறும் தகுதியுள்ளோர் எவரும் எஞ்சவில்லை என்பதே அதற்குக் காரணம்.

அதே யமன் நாட்டின் தலைநகர் ஸன்ஆ. அங்கே 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் இரவு, புனித ரமளானின் இறுதி நாட்களில், வணிகர்கள் தர்மம் வழங்குகின்றனர் என்று கேள்வியுற்று, பாபுல் யமன் பகுதியிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். ஆளுக்கு 5,000 யமனி ரியால் என்பது பேச்சு. அமெரிக்க நாணயத்தில் 10 டாலரைக்கூட எட்டாத தொகை அது. திடீரென எழுந்த நெரிசலில் சிக்கி 78 பேருக்கும் மேலானோர் மாண்டனர். பெருநாள் புத்தாடைக்கும் ஒருவேளை உணவுக்கும் வந்தவர்களுக்குக் கபன் துணி கிடைத்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இது யமனுக்கு மட்டும் நேர்ந்த துயரம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2023 மார்ச் 31 அன்று, கராச்சி நகரின் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் வளாகத்தில் ஜகாத் விநியோகம் நடைபெற்றபோது பத்துக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் மிதிபட்டு இறந்தனர். 2008 செப்டம்பரில், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலுள்ள பசுருவான் நகரில், ஒரு செல்வக் குடும்பத்தினர் ஆண்டுதோறும் வழங்கி வந்த ஜகாத்தைப் பெற ஆயிரக்கணக்கானோர் கூடினர். 21 பெண்கள் மூச்சுத் திணறி மடிந்தனர். ஆளுக்குக் கிடைக்கவிருந்தது 30,000 ரூப்பியா. ஏறக்குறைய 3 டாலர்.

வழங்கியவர்களின் நிய்யத்தை ஐயுறுவது நம் பணியன்று. உள்ளங்களை அறிபவன் அல்லாஹ். ஆனால் மார்க்கம் வகுத்த ஒரு கடமையின் வடிவம் எங்கே உருக்குலைந்தது என்று வினவுவது ஆலிம்களின் மீதும் சமுதாயத்தின் மீதும் கடமையாகும்.

யமனின் இன்றைய வறுமைக்குக் காரணங்கள் பல. 2014இல் தலைநகர் வேறு கைக்கு மாறியது. 2015 மார்ச்சில் அயல்நாட்டுப் படைகளின் வான் தாக்குதல் தொடங்கியது. 2016இல் நாட்டின் மத்திய வங்கி ஏடனுக்கு மாற்றப்பட்ட பின்னர், ஸன்ஆவை உள்ளிட்ட பகுதிகளில் ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் ஆண்டுக்கணக்கில் முறையான சம்பளமின்றித் தவித்தனர். நேற்று வரை ஜகாத் கொடுத்தவன் இன்று ஜகாத் பெறத் தகுதியானவனாகிவிட்டான். முஆத் (ரலி) அவர்களின் பெயரோடு சேர்த்துப் போற்றப்படும் ஜனத் பள்ளிவாசல் அமைந்துள்ள தஇஸ் வட்டாரமே நெடுங்காலம் போர்முனையாக இருந்தது. போரை நிறுத்துவது ஜகாத்தால் ஆகிற காரியமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் கராச்சியிலும் பசுருவானிலும் நெரிசல் ஏற்பட்டபோது அங்கே குண்டுகள் விழவில்லையே!

ஜகாத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகின்றது. ஃபகீர், மிஸ்கீன் ஆகிய இரு வகை வறியோரை அடுத்து, மூன்றாவதாகவே வருகிறவர்கள் 'ஆமில்'கள்; அதாவது ஜகாத்தை வசூலித்து, கணக்கெழுதி, பங்கிடும் ஊழியர்கள். அவர்களுக்குரிய ஊதியத்தையும் அந்த நிதியிலிருந்தே எடுக்க அல்லாஹ் அனுமதிக்கின்றான். கடனாளியும் வழிப்போக்கனும் கூட இவர்களுக்குப் பின்னரே குறிப்பிடப்படுகின்றனர். ஊழியருக்கு ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறதென்றால், அங்கே ஓர் அலுவலகம் இருக்க வேண்டும்; பதிவேடு இருக்க வேண்டும்; வீடு வீடாகச் சென்று நிலையறியும் ஆட்கள் இருக்க வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து நோட்டுக் கட்டைப் பிரிக்கும் செல்வனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.

அப்படியானால் தனியொருவர் தம் ஜகாத்தைத் தாமே கொடுத்தால் நிறைவேறாதா என்று சிலர் வினவலாம். நிறைவேறும். கால்நடையும் விளைபொருளும் கண்ணுக்குப் புலப்படும் செல்வங்கள். அவற்றின் ஜகாத்தை அரசின் ஊழியர் வசூலித்தனர். தங்கம், வெள்ளி, வணிகப் பொருள் ஆகியவை மறைவான செல்வங்கள். வீட்டையும் பெட்டியையும் துருவிச் சோதிப்பது மக்களுக்குத் துன்பமாகும் என்பதால், அவற்றின் ஜகாத்தை உரிமையாளரே உரியவர்க்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பை உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அவர்களிடமே விட்டுவிட்டதாக ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஆக, அது செல்வனுக்கு வழங்கப்பட்ட சலுகை மட்டுமன்று. ஆமிலின் வேலையை அவன் தன் தலைமீது ஏற்றுக்கொண்டான் என்பதே பொருள். யார் தேவையுடையவர் என்று தேடிச் செல்லும் உழைப்பும் அதில் அடங்கும்.

தேடிச் செல்வது ஏன் என்றால், மிகத் தேவையுள்ளவன் வாசலுக்கு வருவதில்லை. கேட்பதற்கு நாணி ஒதுங்குவதால், அறியாதவன் செல்வந்தர் என்று எண்ணிவிடக்கூடிய ஏழைகளைத் திருமறை இரண்டாம் அத்தியாயத்தில் சுட்டிக் காட்டுகின்றது. அவர்களின் முகக்குறியைக் கொண்டே அவர்களை அறிய வேண்டும் என்கிறது. நெரிசலில் முகக்குறியைப் படிப்பது எவ்வாறு? தோள்வலிமை உடையவன் முன்னே வருவான். தள்ளாத கிழவியும் கைக்குழந்தைக்காரியும் பின்னே நிற்பர், அல்லது காலடியில் கிடப்பர். கௌரவமான குமரிப் பெண்ணின் தந்தையோ வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார்.

எவ்வளவு கொடுப்பது என்பதும் பெரிய வினா. இங்கே இமாம்களின் கருத்துகள் சற்று வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில், கடனோ குடும்பப் பாரமோ இல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவை எட்டுமாறு ஒரே தடவையில் கொடுப்பது விரும்பத்தக்கதன்று; கொடுத்தால் நிறைவேறிவிடும். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, ஏழையை வறுமையிலிருந்து வெளியேற்றும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தைத் தம் 'அல்மஜ்மூஉ' நூலில் விரித்துரைக்கின்றார்கள். கைத்தொழிலாளிக்கு அவன் தொழிற்கருவியின் விலை. வணிகனுக்கு அவன் வணிகத்துக்கேற்ற முதல். கீரை விற்பவனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும். மணிக்கல் வணிகம் ஒன்றையே அறிந்தவனுக்குப் பத்தாயிரம் திர்ஹமும் தேவைப்படலாம் என்று எடுத்துக்காட்டும் தருகின்றார்கள். நவவி அவர்கள் மறைந்தது 1277ஆம் ஆண்டில். சுயதொழிலுக்கு முதலீடு என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு ஃபிக்ஹு நூல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது! நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. கிதாபு ஓதிய ஊர்களிலேயே இந்தச் சட்டம் அலமாரியில் உறங்குவது வருந்தத்தக்கது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒருவர் மீது கடமையான ஜகாத் ஒரு லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஆளுக்கு 50 ரூபாயாகப் பிரித்தால் 2,000 பேர் வாங்கிச் செல்வர். மறுநாள் அந்த 2,000 பேரும் முன்பிருந்த நிலையிலேயே இருப்பர். அடுத்த ரமளானில் அவர்களே மீண்டும் வருவர். அதே தொகையைப் பத்துக் குடும்பங்களுக்குப் பத்தாயிரமாகக் கொடுத்தால் ஒரு வீட்டுக்குத் தையல் இயந்திரம், ஒரு வீட்டுக்குத் தள்ளுவண்டி, ஒரு வீட்டுக்கு வட்டிக் கடனிலிருந்து விடுதலை. பத்தில் மூன்று பேர் கரையேறினாலும் அடுத்த ஆண்டு வரிசையில் மூன்று தலைகள் குறையும். 2,000 பேர் தம்மைப் புகழ்ந்து துஆச் செய்வதையே விரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு சுவைக்காது.

செல்வத்தில் ஏற்றத்தாழ்வே இருக்கக் கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற பெருவணிகர்கள் சுவர்க்க நன்மாராயம் பெற்றவர்களே. செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரக் கூடாது என்பதே 59ஆம் அத்தியாயத்தின் கட்டளை. ஓடுகின்ற நீர் வயலுக்குப் பாயாமல் ஒரே குளத்தில் தேங்கினால், குளத்து நீரும் கெடும், வயலும் காயும்.

நம் ஊர்கள் பலவற்றில் பைத்துல்மால்கள் இயங்குகின்றன. ஜமாஅத்தார் வீடு வீடாகக் கணக்கெடுத்து, விதவைக்கு மாத உதவியும் மாணவனுக்குக் கல்வி உதவியும் வழங்குகின்ற ஊர்களும் உண்டு. ஆனால் ஊரின் பெருஞ்செல்வர்கள் தங்கள் ஜகாத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தம் வாசலிலேயே வழங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இல்லை என்பர். கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி ஒட்டச் சொல்லி வற்புறுத்துவதற்குச் செல்வரைவிடத் தகுதியானவர் யார்? வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டித் தம் ஜகாத்தை ஊருக்கு அனுப்புகிற சகோதரர்களும் இதைக் கேட்கலாம். ஜகாத்தை ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்வதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் முதலில் தெளிவு பெறுவது நலம்.

வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கும் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ எப்படிக் கொடுப்பது என்று பலர் கேட்கின்றனர். கொடுப்பவரின் உள்ளத்தில் ஜகாத் என்னும் நிய்யத் இருந்தால் போதுமானது. வாங்குபவரிடம் இது ஜகாத் என்று சொல்வது நிபந்தனையன்று. பெருநாள் அன்பளிப்பு என்றோ பிள்ளையின் படிப்புக்கு என்றோ கூறி, இரவில் ஒரு கவரில் வைத்துக் கொடுத்தாலும் கடமை நிறைவேறிவிடும். பெறுபவர் தகுதியுடையவர்தாமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.