பிழையான திகதியும் இரு தரவுத்தளங்களும்

இரு பொருள்கள் தம்முள் ஒத்தனவா என அறிய விரும்புவோர், அவை சரியானதை ஏற்கும் வகையை மட்டும் நோக்குதல் போதாது. பிழையானதை எதிர்கொள்ளும் வகையையும் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை, பதிவேடுகளைக் கணனியிற் பேணுதற்குரிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டன் வாயிலாக ஈண்டு விளக்குவாம்.

மைஎஸ்கியூஎல் 1995ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை ஆக்கியோருள் ஒருவராகிய பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், 2009ஆம் ஆண்டில் அதிலிருந்தே மரியாடிபி என்னும் கிளையைத் தோற்றுவித்தார். இரண்டும் அவருடைய புதல்வியர் இருவரின் பெயர்களைத் தாங்குவன. ஒன்றிற்கென எழுதிய கட்டளைகளுட் பெரும்பாலன மற்றதிலும் இயங்கும். ஆயின், பொருந்தாத திகதியைக் கொடுக்குமிடத்து இவற்றின் இயல்பு வேறுபடுகின்றது.

முன்னாளில் மைஎஸ்கியூஎல், பெப்ரவரி 30 எனக் கொடுக்கப்படின் அதனை மறுக்காது, ஆண்டு, மாதம், நாள் மூன்றும் சுழியமாகிய திகதியாக மாற்றிப் பதிந்து, எச்சரிக்கை ஒன்றை மட்டும் விடுத்தது. எச்சரிக்கையை நோக்காதார்க்குப் பிழை புலப்படாதே போயிற்று. 2015இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 5.7ஆம் பதிப்பும், 2017இல் வெளிவந்த மரியாடிபி 10.2ஆம் பதிப்பும் கண்டிப்பு முறையைத் தம் இயல்பு அமைப்பாகக் கொண்டன. அதன்பின் இரண்டும் பெப்ரவரி 30ஐ மறுக்கலாயின.

சுழியத் திகதியை நேரே கொடுப்பின் நிகழ்வது வேறு. இயல்பு அமைப்பில் மைஎஸ்கியூஎல் அதனையும் மறுக்கும்; மரியாடிபியோ ஏற்கும். பதிந்த திகதிகளைப் பிழையான திகதியொன்றுடன் ஒப்பிட்டுத் தேடுமிடத்தும், மைஎஸ்கியூஎல் 8.0.16ஆம் பதிப்பு முதலாகப் பிழையெனக் கூறி நிறுத்தும். மரியாடிபி எச்சரித்துத் தொடரும்.

இதனால் விளைவது யாது? பிறந்த திகதி அறியப்படாத மாணவர்க்குச் சுழியத் திகதியிடும் பதிவேட்டு மென்பொருள் ஒன்று உளதெனக் கொள்வோம். மரியாடிபியில் அது தடையின்றி இயங்கும். மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றியதும் பதிவு மறுக்கப்படும். மறுப்பு இடரெனத் தோன்றினும், அஃது உடனே கண்ணிற்படும். ஏற்றலால் விளையும் இடரோ மறைந்து நிற்கும்: வயது முறையே வரிசைப்படுத்தின், அம்மாணவரே யாவரினும் மூத்தவராக முன்னிற்பர்.

ஆகவே, பதிவேடு அமைப்போர் இரண்டு செய்தல் வேண்டும். அறியாத திகதிக்குச் சுழியமிடாது, இரு தளங்களிலும் உள்ள ‘நல்’ என்னும் வெற்றுக் குறியை இடுக. இயல்பு அமைப்பை நம்பியிராது, சுழியத் திகதியை விலக்கும் விதியையும் கண்டிப்பு முறையையும் இரண்டிலும் தாமே வெளிப்படையாக நிறுவுக. அறியாததை அறியாததென்றே குறித்தல் பதிவேட்டின் நேர்மைக்கு முதற்படி என்பது மறக்கற்பாலதன்று.