முகம் திருந்தும் முன் மூட்டைக் கவனிப்போம்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் அசைவு தென்படும். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் இணைக்கும் இம்மூட்டு, கதவின் கீல்போலத் திரும்புவதோடு முன்னோக்கி நழுவவும் செய்கிறது. எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த சிறிய தட்டு இடம் பெயர்ந்தால், வாயைத் திறக்கும்போது 'டக்' என்ற ஒலி எழலாம், வலி தோன்றலாம், சில வேளைகளில் வாய் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கீழ்த்தாடை உள்ளடங்கியவர்களிடமும் முகம் ஒருபுறம் கோணியவர்களிடமும் இக்கோளாறு மிகுதியாகக் காணப்படுகிறது. அதனால், தாடையின் அமைப்பே மூட்டைக் கெடுத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூட்டின் பழுதே முகத்தைக் கோணச் செய்வதும் உண்டு.

குழந்தை தவறி விழுந்து மோவாயில் அடிபடுகிறது. காயத்துக்குத் தையல் போடுகிறோம். காதருகே மூட்டு முனை முறிந்திருப்பது கண்ணில் படுவதில்லை. மூட்டு இறுகி எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டால், வாய் திறக்கும் அளவு மெல்லக் குறைகிறது. தாடையின் வளர்ச்சி தடைபட்டு மோவாய் சிறுத்துப் போகிறது. உறக்கத்தில் மூச்சுத் திணறல்கூட ஏற்படுகிறது. மோவாயில் அடிபட்ட குழந்தையின் தாடை மூட்டையும் பரிசோதிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

வளர்ந்த பிறகோ, திருமணத்துக்குள் முகத்தைச் சீராக்கிவிட வேண்டும் என்ற அவசரம் நம்மை ஆட்கொள்கிறது. பல்லுக்குக் கம்பி கட்டுவதும் தாடை அறுவை சிகிச்சையும் பலருக்கு நல்ல பயன் தருபவைதாம். எனினும், தாடையைச் சீராக்கினால் மூட்டு வலியும் நீங்கிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிலருக்கு, குறிப்பாகக் கீழ்த்தாடை உள்ளடங்கிய இளம்பெண்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் மூட்டு முனை தேய்ந்து தாடை மீண்டும் பின்வாங்கக்கூடும்.

வலியில்லாத ஒலிக்கெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. வலி இருந்தாலும் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, பற்களின்மீது பொருத்தும் தகடு ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் நலமடைகின்றனர். பெரியவர்களுக்கு வாய் பொதுவாக 40 மி.மீ. அளவுக்குத் திறக்கும், அதாவது, தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவு. அதற்குக் குறைந்தால் மருத்துவரை நாட வேண்டும்.

'என் முகம் எப்படி மாறும்?' என்று கேட்பதற்கு முன், 'என் மூட்டு எப்படி இருக்கிறது?' என்று கேட்போம். அஸ்திவாரம் பாராமல் சுவருக்கு வண்ணம் பூசுவதில் பயனில்லை.