பழைய கணினியா, புதிய ரவுட்டரா?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் என் மாமா நாணய மாற்றுக் கடை வைத்திருக்கிறார். ஐந்தடி நடைபாதையை ஒட்டிச் சின்ன முகப்பு. உள்ளே நீளமாகப் போகும் பழைய கடைவீடு. அந்தக் கடைக்கு இணையம்தான் மூச்சு. காலையில் இருந்த டாலர் விலை மதியம் இருக்காது. பலகையில் பழைய விலை அப்படியே நின்றுவிட்டால் நட்டம் மாமாவுக்குத்தான்.

போன விடுமுறையில் அவருடைய ரவுட்டர் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நின்றுபோகத் தொடங்கியது. என்றோ வாங்கியது, அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. “நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியேம்மா, எது வாங்கலாம்னு சொல்லு” என்றார்.

எதையும் வாங்க வேண்டாம் என்றேன். மாடியில் ஒரு பழைய மேசைக் கணினி தூசு படிந்து கிடந்தது. இன்னொரு நெட்வொர்க் கார்டு செருகி, ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதுவே ரவுட்டர் வேலையைச் செய்யும். வலைப்பின்னல் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். கை அரித்தது என்பதே உண்மை.

ரவுட்டரும் ஒரு கணினிதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் தொடங்கியபோது, தகவலை வழிமாற்றி அனுப்பியவை குளிர்சாதனப் பெட்டி அளவிலான ஹனிவெல் கணினிகள். பிறகுதான் இந்த ஒரு வேலைக்கென்றே தனிப் பெட்டிகள் வந்தன. அந்த எல்லைக்கோடும் நிலைக்கவில்லை. லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, 2003-இல் அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்று பலவகை ரவுட்டர்களில் அதை ஏற்றலாம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? வீட்டு ரவுட்டரின் செயலி சிறியது. முகவரியை மாற்றித் தகவலை அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் அதற்கென்றே உள்ள சில்லு பார்த்துக்கொள்வதால் அது வேகமாகத் தெரிகிறது. எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடச் சொன்னால் பல ரவுட்டர்களில் அந்தச் சுமை செயலியின் தலையில் விழுந்து வேகம் சரியும். பழைய மேசைக் கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. கேமராக்களைத் தனி வலைப்பின்னலில் பிரித்து, அவை கல்லாக் கணினியை எட்டவே முடியாதபடி செய்தேன். இது வெறும் பயம் அல்ல. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருந்த ரவுட்டர்கள்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மாமா வருபவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். விடுமுறை முடிந்து நான் வளாகத்துக்குத் திரும்பினேன்.

ஒரு சனிக்கிழமை மாலை இடி மழை. மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. கேமரா வந்தது, விளக்கு வந்தது, இணையம் வரவில்லை. நான் குழு வேலையில் இருந்ததால் போனைப் பார்க்கவில்லை. பார்த்தபோது மாமாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் இஷா பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையில் மாமா கைப்பேசியில் விலை பார்த்து, தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்.

கணினிக்கு ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டினேன். ‘தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று நின்றது. தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருந்தது. மின்சாரம் போனதும் கணினி தன் நேரத்தையும் அமைப்புகளையும் மறந்துவிட்டு, யாராவது ஒரு பொத்தானை அழுத்துவார்கள் என்று மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறது. நான்தான் விசைப்பலகையையும் திரையையும் கழற்றி மேலே வைத்திருந்தேன். சில ரிங்கிட் பேட்டரி. அதை முதலிலேயே மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

மாமா திட்டவில்லை. “நீ வேலைக்குக் கோலாலம்பூர் போயிட்டா இத யாரும்மா பார்ப்பா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவுதான் மின்கட்டணக் கணக்கையும் போட்டேன். இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். அந்தக் கணினி சுமார் 60 வாட் இழுக்கும். சிறு ரவுட்டர் 8 வாட். இரண்டும் இரவு பகலாக ஓடுபவை. மாதத்துக்கு 43 யூனிட், 6 யூனிட். யூனிட்டுக்கு 50 காசு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 220 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். ‘இலவசம்’ என்று நான் சொன்னது ஓர் ஆண்டிலேயே ஒரு நல்ல ரவுட்டரின் விலையைத் தின்றுவிடும். விசிறியில்லாத சிறு கணினிகள் குறைந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆனால் அவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

கடைசியில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய சிறு ரவுட்டர் ஒன்றை வாங்கினோம். கேமராக்களைப் பிரித்துவைப்பதை அதிலும் செய்ய முடிந்தது. வேகப் பங்கீட்டை விட்டுவிட்டேன். எட்டுக் கருவி உள்ள கடைக்கு அது தேவைப்படவே இல்லை. தடித்த செங்கற்சுவர்களைத் தாண்டி மாடிக்கு வைஃபை போகாத சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது. ரவுட்டரை மாற்றினால் அது தீராது. மேலே கம்பி இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வைத்தோம். பழைய கணினி இப்போது என் அறையில் இருக்கிறது. அதை நான் தாராளமாகக் கெடுத்துக்கொள்ளலாம்.

அமைப்புகளின் பிரதியை மாமாவின் பென்டிரைவில் போட்டேன். இணையம் நின்றால் என்ன செய்வது என்று ஒரு தாளில் தமிழில் ஆறு வரி எழிதிக் கல்லாவுக்குக் கீழே ஒட்டினேன். போன மாதம் மறுபடி மின்சாரம் போயிருக்கிறது. எனக்கு அது மறுநாள்தான் தெரியும். கடையில் வேலை செய்யும் அண்ணன் இரண்டாவது வரியிலேயே சரியாகிவிட்டது என்றார்.