இடி கேட்டதும் எண்ணிப் பாருங்கள்

இணைப்பாட நடவடிக்கை நாள். மாலை நான்கு மணி. காற்பந்தாட்டம் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் தொலைவில் மின்னல் வெட்டுகிறது. பயிற்றுவிப்பாளர் விசில் ஊதி, எல்லாரையும் திடலைவிட்டு வெளியேறச் சொல்கிறார். “மழையே இன்னும் வரலையே, பத்து நிமிஷம் ஆடிட்டுப் போறோமே!” என்று நான்கைந்து குரல்கள் எழுகின்றன.

ஆடலாமா, கூடாதா? விடை உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. வெப்பம், இயக்கம், மின்னூட்டம், அலை என்று தனித்தனிப் பாடங்களாக நாம் படிக்கும் நான்கும் ஓர் இடிமேகத்தில் ஒன்றுசேர்கின்றன.

வெப்பமும் இயக்கமும்

காலை முழுவதும் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் சூடாகி, அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. இதுதான் வெப்பச்சலனம். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாக மாறுகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. இப்படி வளரும் மேகத்தின் உச்சி பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் செல்லும். அங்கே நீர் உறைந்து பனித்துகள்களாகிவிடும். நாம் வியர்த்துக்கொண்டிருக்கும்போது நம் தலைக்கு மேலே பனி!

மின்னூட்டம்

மேகத்துக்குள் லேசான பனித்துகள்கள் மேலேறுகின்றன. கனமான பனித்துகள்கள் கீழிறங்குகின்றன. இரண்டும் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் இடம் மாறுகிறது. பெரும்பாலும் மேகத்தின் மேற்பகுதி நேர்மின்னூட்டமும் கீழ்ப்பகுதி எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன.

இதைச் சிறிய அளவில் நீங்களே பார்க்கலாம். பிளாஸ்டிக் அளவுகோலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுசெல்லுங்கள். அவை தாவி ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் மின்னூட்டம் விரைவில் கசிந்துவிடும் என்பதால், குளிரூட்டிய அறையில் செய்தால் நன்றாக வரும்.

காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆனால், மேகத்தில் சேரும் மின்னூட்டம் அளவு மீறும்போது காற்றும் தாக்குப்பிடிக்க முடியாமல் வழிவிடுகிறது. அதுவே மின்னல். அதில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகி தாங்குவது 13 ஆம்பியர்தான்.

அலை

மின்னல் பாயும் மெல்லிய பாதையில் காற்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சுமார் 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைவிட இது ஏறக்குறைய ஐந்து மடங்கு. சூடான காற்று வெடித்து விரிகிறது. அந்த அதிர்ச்சி ஒலி அலையாகப் பரவி நம் காதில் இடியாக விழுகிறது. மின்னல் பாதை பல கிலோமீட்டர் நீளம் இருக்கலாம். அதன் அருகிலுள்ள பகுதியின் ஒலி முதலிலும் தொலைவிலுள்ள பகுதியின் ஒலி பிறகும் வந்து சேர்வதால்தான் இடி உருண்டு உருண்டு கேட்கிறது.

ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் செல்கிறது. ஒலி செல்வதோ சுமார் 340 மீட்டர். ஆகவே, ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 வினாடி வேண்டும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஆறு வினாடி கழித்து இடி கேட்டால் மின்னல் வெட்டியது 2 கிலோமீட்டர் தொலைவில்.

“அப்படியென்றால் நேரம் இருக்கிறதே” என்று நினைக்காதீர்கள். தவறு நடப்பது இங்குதான். நீங்கள் கணக்கிட்டது முந்திய மின்னலின் தொலைவு. அடுத்தது எங்கே விழும் என்று அது சொல்லாது. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தாக்கக்கூடும். இடியோசை காதில் விழும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றாலே மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். மழைக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எது பாதுகாப்பு?

ரப்பர் காலணி காப்பாற்றாது. பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வந்த மின்னலை ஓர் அங்குல ரப்பர் தடுத்துவிடுமா? மரத்தடியும் ஆபத்து. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மீது தாவலாம். தரை வழியாகவும் பரவலாம். கட்டடத்துக்குள் செல்வதே நல்லது. சன்னல்கள் மூடிய காரும் பாதுகாப்பானது. அதற்குக் காரணம் டயர் அல்ல, உலோகக் கூரையும் உடலும்தான். மின்னோட்டம் உலோகத்தின் வெளிப்புறமாகவே பாய்ந்து தரைக்குப் போய்விடும். கடைசி இடி கேட்டு 30 நிமிடமாவது கழிந்த பிறகே திடலுக்குத் திரும்புங்கள்.

யாரையேனும் மின்னல் தாக்கிவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடலில் மின்னூட்டம் தங்கியிருக்காது. உடனே 995ஐ அழைத்து, மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால் இதய இயக்க மீட்புச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி முழங்குகிறது. அடுத்த முறை விசில் ஒலிக்கும்போது எண்ணுங்கள், கணக்குப் போடுங்கள். ஆனால், அதை நடந்துகொண்டே செய்யுங்கள். திடலில் நின்றுகொண்டு வேண்டாம்!